பிசைந்த மாவும் பிஞ்சு விரல்களும்

ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் மும்பையில் வாழும் நம் குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்குக் கூண்டுக்கிளியின் வாழ்வுதான். தாராவியின் சந்துகளில் சாக்கடையும் மழைநீரும் ஒன்றாய் ஓடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் திடல்கள் சேறாகிக் கிடக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றிலேயே சமையலும் படுக்கையும் விருந்தோம்பலும் நடந்தேற வேண்டிய வீட்டில், நான்கு வயதுப் பிள்ளை எங்கே ஓடும்? எதை எடுத்து விளையாடும்? அழுதால் கைப்பேசியைக் கொடுத்து அமர்த்திவிடுகிறோம். பிள்ளை அமர்ந்துவிடுகிறது, அதனோடு அதன் பத்து விரல்களும் அமர்ந்துவிடுகின்றன.

கடைகளில் சிறு டப்பாக்களில் அடைத்துப் பல வண்ணங்களில் விற்கும் விளையாட்டு மாவைப் பற்றி நம் தாய்மார் சிலர் வினவியிருந்தனர். விலை மிகுதி, மூடியைச் சரியாக மூடாவிட்டால் நான்கு நாளில் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது, இதனை வீட்டிலேயே செய்துகொள்ள வழி உண்டா என்பது அவர்தம் கேள்வி. உண்டு; அடுப்பங்கரையில் இருக்கும் பொருள்களைத் தவிர வேறொன்றும் அதற்குத் தேவையில்லை. ஆகவே இம்மாதம் இப்பகுதியை அதற்கே ஒதுக்கினோம்.

இந்த மாவு பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் நிலக்கரி எரித்து வீடுகளைச் சூடேற்றி வந்த காலத்தில், சுவரில் ஒட்டிய அலங்காரத் தாள்களின்மேல் கரி படிந்துகொண்டே இருக்கும். அத்தாளை நீரால் கழுவ இயலாது. எனவே சின்சினாட்டி நகரத்துக் குட்டால் என்னும் சோப்புக் கம்பெனியார் 1930களில் ஒருவகைப் பிசைந்த மாவைச் செய்து விற்றனர். அதனைச் சுவரின்மேல் உருட்டினால் கரி மாவில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வீடுகளுக்கு எண்ணெய் அடுப்பும் எரிவாயுவும் வந்தன. கழுவத்தக்க சுவர்த்தாள்களும் வந்தன. கரி போயிற்று, கரியோடு கம்பெனியின் வாணிகமும் போகும் நிலை வந்தது. அவ்வேளையில் அக்குடும்பத்துக்கு உறவினரான கே ஜுஃபால் என்னும் மழலைப்பள்ளி ஆசிரியை அம்மாவைத் தம் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அழுக்கு நீக்கும் சரக்கை எடுத்துவிட்டு, நிறமும் மணமும் கூட்டி, 1956இல் ‘பிளே-டோ’ என்ற பெயரில் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. இன்று அதன் மணத்துக்குக்கூட அந்நாட்டில் வாணிக முத்திரை உரிமை உண்டு. 2018இல் அதைப் பெற்றார்கள்!

1960இல் இம்மாவுடன் ஒரு சிறு கருவியையும் விற்கத் தொடங்கினர். மாவை உள்ளே வைத்து மேலிருந்து அழுத்தினால் கீழே துளைகளின் வழியே நூலாகவும் பட்டையாகவும் இறங்கும். நம் இல்லத்தரசிகளிடம் அக்கருவியைக் காட்டினால் என்ன சொல்வார்கள் என்று நாம் எழுத வேண்டியதில்லை. முறுக்கு நாழியும் இடியாப்ப உழக்கும் இல்லாத தமிழ் வீடு ஏது?

உண்மையில் மாவையும் மண்ணையும் பிடித்து உருவாக்குவது நமக்குக் கைவந்த பழக்கமே. எந்தச் சுபகாரியம் தொடங்கினாலும் ஒரு பிடி மஞ்சள்பொடியில் நீர் தெளித்துப் பிள்ளையார் பிடிக்கிறோம். மூன்று விரல்களால் கிள்ளி எடுத்தால் அதுவே தெய்வம். மார்கழியில் ஊர்ப்புறங்களில் சாணத்தைப் பிடித்து வைத்து அதில் பூசணிப்பூவைச் செருகுவார்கள். கொழுக்கட்டைச் சொப்புச் செய்யும் நாளில், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓர் உருண்டை மாவு கேட்காத குழந்தை நம்மில் யார்? பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பெண்மக்கள் மணலில் சிற்றில் கட்டுவதையும் ஆண்மக்கள் சிறுதேர் உருட்டுவதையும் தனித்தனிப் பருவங்களாக்கிப் பாடினார்கள். கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் சுட்ட மண்ணாலான ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் கிடைத்தன. வடமொழியில் சூத்திரகர் எழுதிய நாடகத்துக்குப் பெயரே ‘மண்ணாலான சிறு வண்டி’ என்பதுதான். அண்டைவீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைப் பார்த்து ஏங்கி, தன் மண்வண்டியை வெறுத்து அழும் ஏழைச் சாருதத்தனின் மகனைக் கொண்டு அப்பெயர் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் டப்பாவைப் பார்த்து நம் பிள்ளை அழுவதும் அதே அழுகைதான்.

செய்முறைக்குப் போகுமுன் ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். நாம் அறிந்த தாராவி வீடொன்றில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து அந்நாளிலேயே வந்து குடியேறிய ஓர் ஆச்சி இருக்கிறார். பேரப்பிள்ளைக்கு மருமகள் மாவு பிசைவதைக் கண்டதும் அவர், “திங்கிற மாவுல உப்பக் கொட்டி வெளையாட்டா? அன்னத்த அவமதிக்காதீங்க, தாயி” என்றார். மருமகள் பதில் சொல்லவில்லை. ‘கிழவிக்கு என்ன தெரியும்’ என்று நாமும் தள்ளிவிடலாகாது. 1960களின் நடுவில் மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடே எதிர்பார்த்திருந்த நாள்களில் பங்கீட்டுக் கடை வரிசையில் நின்ற கால்கள் அவை. இன்றும் நம்மவரில் எத்தனையோ குடும்பங்களின் மாதக் கணக்கு, ஆள் ஒன்றுக்கு 5 கிலோ என்று பங்கீட்டு அட்டையில் கிடைக்கும் தானியத்தைச் சுற்றியே அமைகிறது.

ஆச்சிக்கு மறுமொழியாகச் சிலர் அரிசிமாக் கோலத்தைச் சொல்வர். மாவைத் தரையில் இறைப்பது நம் மரபுதானே என்பர். இவ்வாதம் நமக்கு உடன்பாடன்று. கோலமாவு எறும்புக்கு உணவாகிறது. உப்பிட்ட இந்த மாவு எந்த உயிருக்கும் உணவாகாது. ஆகவே ஆச்சியின் சொல்லில் பாதி நியாயம் உண்டு என்றே கொள்கிறோம். மற்றப் பாதிக்கு நம் விடை இது. மாதம் ஒரு டம்ளர் மாவு போதும். அதுவும் பூச்சி விழுந்தோ பழசாகியோ சமையலுக்கு ஒதுக்கிய மைதாவைச் சலித்து எடுத்துக்கொள்ளலாம். அம்மாவு நான்கைந்து வாரம் உழைக்கும். பிஸ்கட் பொட்டலம் ஒன்று அரை நாழிகையில் காணாமற்போகும் வீட்டில் இது வீண்செலவாகாது. ஆயினும் மாவுக்கே முட்டுப்பாடு உள்ள மாதத்தில் இதைச் செய்ய வேண்டா. அதற்கு வேறு வழியைப் பின்னர்க் கூறுவோம்.

இனிச் செய்முறை. மைதா ஒரு டம்ளர், தூளுப்பு அரை டம்ளர், தண்ணீர் ஒரு டம்ளர், சமையல் எண்ணெய் ஒரு பெரிய கரண்டி, எலுமிச்சை அரை மூடி. எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் தண்ணீரில் கலந்து, மாவையும் உப்பையும் அதில் கொட்டிக் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ள வேண்டும். அடிகனமான வாணலியில் ஊற்றிச் சிறு தீயில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் தோசைமாவு போல் இருக்கும், பிறகு கூழாகும், பிறகு திடுமென ஓரங்களை விட்டு நீங்கி, அல்வா திரள்வது போல் கரண்டியைச் சுற்றித் திரண்டுவிடும். நடுவில் ஈரமாவு தென்படாத வரை கிளறி இறக்கவும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சப்பாத்திமாவைப் பிசைவது போல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால், காதுமடலைத் தொட்டாற்போல் மிருதுவாகிவிடும்.

எடைச்சீட்டும் கட்டணமும் எழுதிப் பழகிய இரயில்வேக் குமாஸ்தாக் கை கணக்குப் போடாமல் இருக்குமா? இன்றைய மாட்டுங்கா மளிகைக் கடை விலையில் மாவு, உப்பு, எண்ணெய், எலுமிச்சை எல்லாம் கூட்டினாலும் இருபது ரூபாய்க்குள் அடங்கும். கிடைப்பது இரண்டு குழந்தைகளுக்குப் போதுமான உருண்டை.

ஒவ்வொரு சரக்கும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அளவு சற்றுத் தவறினாலும் திருத்திக்கொள்ளலாம். கோதுமையில் நீர் பட்டதும் இழுபடும் பசை ஒன்று உண்டாகிறது; மாவு ஒடியாமல் நீள்வது அதனால்தான். அரிசியில் அப்பசை இல்லை. ஆதலால்தான் கொழுக்கட்டை மாவைக் கொதிநீர் விட்டுக் கிளறுகிறோம். பச்சைத்தண்ணீரில் பிசைந்தால் சொப்பு வெடித்துவிடும் என்பது எல்லாத் தாய்மாரும் அறிந்தது. வெந்நீரில் மாவுப்பொருள் உப்பிக் குழைந்து பசையின் வேலையை ஏற்றுக்கொள்கிறது. நம் விளையாட்டு மாவை அடுப்பிலேற்றுவதன் இரகசியமும் அதுவே. அடுப்பிலேற்றாமல் வெறுமனே பிசைந்த மாவு இரண்டு மூன்று நாளில் நசநசவென்றாகிவிடும். வெந்த மாவு வாரக்கணக்கில் நிற்கும். மேலும் பச்சை மாவு நாம் எண்ணுவது போல் தூய்மையான பொருளன்று. 2016இல் அமெரிக்காவில் பச்சை மைதாவிலிருந்த கிருமியால் பலர் நோயுற்று, கடைகளில் இருந்த மாவைப் பெருமளவில் திரும்பப் பெற நேர்ந்தது. வாயில் விரலை வைக்கும் வயதுக்குழந்தைக்கு வெந்த மாவே நல்லது.

உப்பு, பூசணம் பிடியாமல் காக்கிறது. ஊறுகாய்ச் சாடியில் செய்யும் அதே காவல்தான். எண்ணெய், கையில் ஒட்டாமலும் விரைவில் காயாமலும் பார்த்துக்கொள்கிறது. எலுமிச்சை மாவை வழவழப்பாக்குகிறது. மேல்நாட்டார் இதற்குத் திராட்சைப் புளிப்பிலிருந்து எடுக்கும் ஒரு வெண்பொடியைச் சேர்ப்பார்கள். நமக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மும்பை மழையில் ஒரு தொல்லை உண்டு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இம்மாதங்களில் உப்புச்சாடி கசிவதை நாம் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல் மாவும் கசிந்து கையில் ஒட்டும். ஆகவே மழைக்காலத்தில் தண்ணீரை இரண்டு கரண்டி குறைத்து ஊற்றவும். ஒட்டத் தொடங்கினால் சிறிது மாவு தூவிப் பிசைந்துகொள்ளலாம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, புள்ளி தோன்றினாலோ புளித்த வாடை வந்தாலோ தயங்காமல் எறிந்துவிட வேண்டும். எறிவதும் குப்பைத்தொட்டியில்தான், காக்கைக்கும் தெருநாய்க்கும் வைக்கலாகாது. உப்பின் மிகுதியால் நாய்கள் இம்மாவைத் தின்று மாண்டதுண்டு.

நிறத்துக்கு மஞ்சள்பொடியே முதல். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு இளஞ்சிவப்புத் தரும். இதை அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்க்க வேண்டும், சூட்டில் நிறம் மங்கும். பசலையோ பாலக்கோ அரைத்து வடித்தால் பச்சை. நெற்றிக்கென்று விற்கும் குங்குமத்தையும் ஹோலிப் பொடியையும் அருள்கூர்ந்து தொடவேண்டா. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. மஞ்சளைக் கொண்டு ஒரு வேடிக்கையும் காட்டலாம். மஞ்சள் மாவில் ஒரு சிட்டிகையைக் கிள்ளி அதன்மேல் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டால் அது சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே இயல்பால்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விஞ்ஞானப் பாடம் இதிலேயே தொடங்கிவிடும்.

இனி எச்சரிக்கைகள். இவை இப்பகுதியிலேயே முக்கியமானவை என்பதால் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். வீட்டில் செய்ததாயிற்றே, தின்றால் என்ன என்று எண்ணலாகாது. ஒரு டம்ளர் மாவுக்கு அரை டம்ளர் உப்பு என்பது சிறு உடலுக்குத் தாங்காத அளவு. நாக்கில் பட்டதும் பிள்ளை துப்பிவிடும்; ஆனால் எல்லாப் பிள்ளைகளும் துப்புவதில்லை. உருண்டை உருண்டையாக விழுங்கிவிட்டு வாந்தியோ மிகுந்த தாகமோ சோர்வோ கண்டால், வீட்டு வைத்தியம் பாராமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு உப்பு மாவைக் கொடுக்கவே வேண்டா. மூன்று வயது வரை யாரேனும் பெரியவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். கோதுமை ஒவ்வாத பிள்ளை நம் வீட்டுக்கு விளையாட வருமானால் அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மற்றொன்று, நம்மவர்க்கே உரிய ஆபத்து. பிள்ளையார் சதுர்த்தியில் களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணியைக் கண்ணாக வைப்பது வழக்கம். அப்பிள்ளையாரைப் பார்த்துப் பழகிய குழந்தை தன் மாவுப் பொம்மைக்கும் அதையே கேட்கும். சிவப்பும் கறுப்பும் பார்க்க அழகு. உள்ளே இருப்பதோ கொடிய நஞ்சு. ஓடு உடையாமல் விழுங்கினால் சில வேளை தப்பலாம். மென்றோ நசுங்கியோ உள்ளே போனால் ஒன்றிரண்டு விதையே உயிருக்கு உலை வைக்கும். பூஜைக்கு வைத்த குன்றிமணியைப் பூஜை முடிந்ததும் எண்ணி எடுத்துப் பூட்டிவைக்கவும். மாவுப் பொம்மையின் கண்ணுக்கு விதை எதுவும் வேண்டியதில்லை; தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் ஒரு குழி இட்டால் கண் தானாக விழிக்கும்.

மின்சார வண்டிகளிலும் நடைபாதைகளிலும் பத்துக்கும் இருபதுக்கும் விற்கும் பெயரில்லாத வண்ணக்களிகளை வாங்குவோரும் உண்டு. 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் குழந்தைப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத களியை வாங்குவதைவிட, பிள்ளையை அழவிடுவதே மேல் என்பது நம் கருத்து. பிள்ளையார் பொம்மைக் கூடங்களில் மிஞ்சும் பாரிஸ் சாந்துப் பொடியைச் சிலர் விளையாடக் கொடுக்கிறார்கள். அது இறுகும்போது கொதிப்பேறும். கையைப் புதைத்தால் வெந்துவிடும்.

மாவுக்கு முட்டுப்பாடான மாதத்துக்கு வேறு வழி கூறுவதாகச் சொன்னோம். தாராவியிலேயே கும்பர்வாடா இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் 1930களிலிருந்து அங்கே குடியிருந்து சக்கரம் சுழற்றி வருகிறார்கள். தீபாவளி நெருங்கினால் அகல்விளக்குகள் அங்கே மலைமலையாய்க் குவியும். பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அச்சக்கரத்தின் அருகே நின்று பார்த்திருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அழைத்துச் சென்று, பக்குவப்படுத்திய களிமண்ணில் ஒரு பிடியை விலைக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மாவைவிட மண்ணே சிறந்தது. மாவு சொன்னபடி கேட்கும். மண் எதிர்த்து நிற்கும். கைக்கு வலுவும் மனத்துக்குப் பொறுமையும் வர எதிர்ப்பு வேண்டும். ஆனால் மண்ணில் விளையாடினால் கையும் தரையும் மோரியும் கழுவத் தண்ணீர் வேண்டும். காலையில் சிறிது நேரமே குழாயில் நீர் வரும் வீட்டில் அதற்கு எங்கே போவது? சிறு பிள்ளைகளுக்கு மாவையே நாம் பரிந்துரைப்பது இதனால்தான். மாவு தரையில் உதிர்ந்தால் உலர்ந்த பின் துடைப்பத்தால் பெருக்கிவிடலாம்.

ஆச்சியின் மனமும் நோகாமல், பிள்ளையின் கையும் சும்மா இராமல் இருக்க மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. கொழுக்கட்டை மாவைக் கிளறும்போது சிறிது எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து, சிறு சிறு மணிகளாக உருட்டச் சொல்லுங்கள். மணிகளை ஆவியில் வேகவைத்துக் கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டினால் அம்மிணிக் கொழுக்கட்டை. தான் உருட்டியதைத் தானே தின்னும் பிள்ளைக்கு உண்டாகும் பெருமிதத்தை டப்பா மாவு தராது. இரண்டு வயதுக் குழந்தைக்கும் இது அச்சமின்றிக் கொடுக்கத்தக்கது. மணி தொண்டையில் சிக்காத அளவுக்குத் தட்டையாக்கிவிட்டால் போதும். நாம் குறிப்பிட்ட வீட்டில் இப்போது ஆச்சியே இதற்குத் தலைமை தாங்குகிறார்.

இவ்வளவும் நேரப்போக்குக்காக மட்டும் எழுதவில்லை. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். சந்தில் இந்தி பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் படிக்கிறார்கள். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தும் நம்மில் பலர் ஆங்கிலப் பள்ளியையே நாடுகிறோம். அதற்கான காரணங்களும் நமக்குத் தெரியும். குறை கூற வரவில்லை. ஆனால் தாய்மொழியைக் காதால் மட்டும் அறிந்த பிள்ளை அதன் எழுத்தைக் காணும்போது அயலானைப் போல் விழிக்கிறது. ஊரிலிருந்து பாட்டனார் எழுதி வைத்த பழைய கடிதத்தைப் பிறர் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ‘அ’ எழுதச் சொன்னால் பென்சில் ஒடிகிறது, பிள்ளையும் ஒடிகிறது.

முன்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். விஜயதசமியில் அரிசியைப் பரப்பி அதில் விரலைப் பிடித்து எழுத வைப்பது இன்றும் நம் வீடுகளில் உண்டு. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தை விரலால் தடவி உணரச் செய்யும் முறையை வகுத்தவர். மணலோ அரிசியோ உப்புத்தாளோ, எழுத்தைக் கண்ணுக்குமுன் விரல் அறிய வேண்டும் என்பதே இவற்றின் கருத்து. மாவு இதற்கு மணலினும் ஏற்றது. மணலில் எழுதியது அழிந்துவிடும், மாவில் செய்த எழுத்தைக் கையில் தூக்கிப் பார்க்கலாம்.

தொடங்குவது ‘அ’வில் அன்று. அதன் சுழியும் வளைவும் கொம்பும் நான்கு வயதுக் கைக்கு மலையேற்றம். மாவைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டிக் கயிறாக்கச் சொல்லுங்கள். கயிற்றை ஒரு முறை மடக்கினால் ‘ட’. இரண்டு முறை மடக்கினால் ‘ப’. ‘ப’வின் வலப்பக்கத்தை உள்ளே வளைத்துவிட்டால் ‘ம’. சிறு உருண்டை ஒன்றைக் கிள்ளித் தலைமேல் வைத்தால் புள்ளி. புள்ளி வைப்பதில் பிள்ளைகளுக்கு உள்ள ஆசையைக் கண்டால் தொல்காப்பியரே மகிழ்வார்.

இம்மூன்று எழுத்தும் புள்ளியும் கொண்டே ‘படம்’ வந்துவிடும். ‘மடம்’ வரும். நடுவே இன்னொரு ‘ட’வும் ஓர் உருண்டையும் சேர்த்தால் படம் ‘பட்டம்’ ஆகிப் பறக்கும். பிறகு துணைக்காலை மட்டும் கற்றுக்கொடுங்கள். ‘பாடம்’, ‘மாடம்’, ‘மாமா’, ‘பாப்பா’ எல்லாம் ஒரே மாலையில் பலகையில் வந்து நிற்கும். படம், பாடம், பட்டம் ஆகிய மூன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதினால் எது எது என்று நமக்கே குழப்பம். மாவில் செய்த பிள்ளை குழம்புவதில்லை. ஒரு கால் எங்கே நிற்கிறது, ஓர் உருண்டை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அதன் விரலுக்குத் தெரியும். சொல்லை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத்தைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக விளையாட வேண்டும். பிழையாக வைத்தால் திட்ட வேண்டா. பிசைந்தால் பிழை மறைந்துவிடும். எழுதுதாளில் இல்லாத வசதி இது. நாளுக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் பிள்ளை கேட்டால் மட்டும். அது பாம்பு உருட்ட விரும்பினால் பாம்பே உருட்டட்டும்.

இரவு வேலைக்குப் போகும் தந்தையர் இதற்கு நேரமில்லை என்பர். காலையில் வந்து படுக்குமுன் பத்து நிமிடம் பிள்ளையுடன் தரையில் அமர்ந்தால் போதும். குழந்தையின் பெயரை முதலில் தந்தை மாவில் செய்து காட்ட வேண்டும். மறுநாள் பிள்ளை தந்தையின் பெயரைச் செய்யட்டும். செய்து முடித்த பெயரை இரண்டு நாள் விசிறிக் காற்றில் ஒரு தட்டில் உலரவிட்டால் கெட்டியாகிவிடும். மழைநாளில் நான்கு நாள் ஆகும். கனமான கயிறு உலரும்போது வெடிக்கும் என்பதால் பென்சில் பருமனுக்கு மேல் வேண்டா. சுவரில் மாட்ட விரும்புவோர் ஈரமாக இருக்கும்போதே பின்புறம் ஒரு நூல்வளையத்தைப் பதித்துவிட வேண்டும்.

பெயரில் ‘ழ’ உள்ள பிள்ளைகளுக்குக் கயிறு சற்று நீளமாக வேண்டும். அவ்வீட்டார் மாவு கிளறும்போது எண்ணெயை அரைக் கரண்டி கூட்டிக்கொண்டால் கீழே சுழித்து வளைக்கும் இடத்தில் ஒடியாது.